திருமலைச் சந்தையில் பிள்ளைகளோடு

ஜூன் 7, சனி

கச்சான் என்கிற வெக்கைக் காற்று தொடங்கிவிட்டது. ஒன்பது மணிக்கு மேல் வெளியில் தலைகாட்ட முடியாது. அதனால் ஆறரைக்கே பிள்ளைகளை எழுப்பித் திருகோணமலை நகரச் சந்தைக்குக் கூட்டிப்போனேன். மூத்தவளுக்குப் பத்து வயது, சின்னவனுக்கு ஆறு. ஆளுக்கு 200 ரூபாய் கையில் கொடுத்தேன். சாப்பிடக்கூடிய எதையும் வாங்கலாம், ஆனால் விலையை அவர்களேதான் கேட்க வேண்டும். சின்னவன் வாசலிலேயே வறுத்த கச்சான் கடலை வாங்கிக் காசை முடித்துவிட்டான். விதிப்படி அதுவும் சரிதான், என்னால் வாய் திறக்க முடியவில்லை.

ஜூன் 14, சனி

இன்று ஒரு புது வேலை கொடுத்தேன். கையில் எடுக்கும் ஒவ்வொரு காயும் எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். உள்ளே வரிசையாக இருக்கும் கடைகளில் கரட், லீக்ஸ், கோவா, போஞ்சி எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வந்தது: "தம்புள்ளை." நுவரெலியாப் பக்கத்துக் குளிரில் விளைவது, தம்புள்ளையில் 1999இல் தொடங்கிய மொத்தச் சந்தைக்கு வந்து, அங்கிருந்து லொறி ஏறி இங்கே வருகிறது. "அப்ப தம்புள்ளையில கரட் விளையாதோ?" என்று மகள் கேட்டாள். விளைகிற இடம் வேறு, கைமாறுகிற இடம் வேறு என்று சொல்லிப் புரியவைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

வெளியே சுவரோரம் சாக்கை விரித்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் வேறு ரகம். வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கையிலை, நாலைந்து தேசிக்காய், ஒரு வாழைப்பொத்தி. தராசு கிடையாது, எல்லாம் கட்டும் கூறும்தான். கன்னியாவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த ஓர் ஆச்சியிடம் பயிற்றங்காய் இருந்தது. வாழைநாரால் கட்டிய பிடி. ஒன்று முழநீளம், ஒன்று அதில் பாதி, ஒன்றில் புழு துளைத்த ஓட்டை. ஆச்சி ஒரு காயை உருவி மகளிடம் நீட்டினார்.

"ஒடிச்சுப் பார் பிள்ளை. டக்கெண்டு முறிஞ்சா இண்டைக்கு ஆய்ஞ்சது. வளைஞ்சு குடுத்தா நேத்தையான்."

முறிந்தது. சின்னவன் இன்னும் நாலைந்தை முறித்துப் பார்த்ததால் அந்தப் பிடியை வாங்குவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

மகள் சும்மா இருக்கவில்லை. "இது எப்ப நட்டது, ஆச்சி?" என்று கேட்டாள். அவ்வளவுதான். கிணற்று நீர் இறங்கியது, குரங்கு வந்தது, மருமகன் பந்தல் போட்டுத் தராமல் கடத்தியது எல்லாம் வரிசையாக வந்தன. வரும் வழியில் மகளே சொன்னாள், உள்ளே கடைக்காரரிடம் இதே கேள்வியைக் கேட்டபோது அவர் விலையைத்தான் திரும்பச் சொன்னாராம். வியாபாரிகளை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் இல்லாவிட்டால் இந்த வெயிலூரில் கரட் ஏது? ஆனாலும் யார் விளைவித்து விற்கிறார், யார் வாங்கி விற்கிறார் என்று ஒரு பத்து வயதுப் பிள்ளை தானாகவே பிரித்தறிந்துவிட்டது. எனக்கு அது போதும்.

கழித்துப் போட்ட கோவா இலையை மேய இரண்டு புள்ளிமான்கள் வந்திருந்தன. ஊருக்குள் அவை ஆடுமாடு போலத் திரிவது நமக்குப் பழகிவிட்டது. குப்பையில் இலையோடு சொப்பிங் பையும் சேர்ந்து கிடக்கிறது, அவை அதையும் மெல்லுகின்றன. பார்க்கவே பிடிக்கவில்லை.

ஜூன் 21, சனி

பாலைப்பழம் வந்துவிட்டது! மஞ்சள் மஞ்சளாக, சுண்டு என்கிற சின்னப் பேணியால் அளந்து கொடுக்கிறார்கள். பக்கத்தில் சிவந்த வீரைப்பழமும் ஒரு குவியல். மகள் வழக்கமான கேள்வியைப் போட்டாள். விற்றுக்கொண்டிருந்த நானா சிரித்துவிட்டார். "இத ஆரு மகள் நட்டது? கரடி திண்டுபோட்டுப் போன கொட்டதான் முளச்சிருக்கும்." காட்டில் பாலை பழுக்கும் காலத்தில் கரடி மரமேறித் தின்னும், அதனால் தனியே போகமாட்டோம் என்றும் சொன்னார். சின்னவனுக்கு இனிச் சந்தை என்றால் கரடிக்கதைதான்.

ஜூன் 22, ஞாயிறு

சின்னவனின் உதடு இரண்டும் பாலைப்பழப் பாலில் ஒட்டிக்கொண்டன. தேங்காயெண்ணெய் பூசித் தேய்த்தேன். அரை மணிநேரம் வீட்டில் நல்ல அமைதி.

ஜூன் 28, சனி

தயிர்ச்சட்டி. கிண்ணியாவிலிருந்து வரும் எருமைத் தயிர். விற்பவர் சட்டியைப் பிள்ளைகளின் முகத்துக்கு நேரே கவிழ்த்துக் காட்டினார், ஒரு சொட்டும் விழவில்லை. பாலில் தண்ணீர் கலக்காவிட்டால் இப்படித்தான் நிற்குமாம். மேலே ஆடை தடித்து, விரல் வைத்தால் பள்ளம் விழுகிற மாதிரி இருந்தது. முந்தி இதே சட்டிகளைப் பாதையில், அதாவது ஆளையும் வாகனத்தையும் அக்கரைக்கு ஏற்றிப்போகும் மிதவையில், ஏற்றித்தான் அக்கரையிலிருந்து கொண்டுவருவார்கள், காற்று எழும்பினால் காத்துக் கிடக்க வேண்டும் என்றார். 2009இல் 396 மீற்றர் நீளத்துக்குப் பாலம் வந்தபிறகு அந்தக் கவலை இல்லை. பாதை என்றால் தெருதானே, அதில் எப்படிச் சட்டியை ஏற்றுவது என்று சின்னவன் குழம்பிப்போனான். இனி ஒருநாள் ஆறுதலாக விளங்கப்படுத்த வேண்டும்.

ஜூலை 5, சனி

சந்தையில் வெங்காயம் விற்கும் நிலாவெளிக்காரர் போன கிழமையே சொல்லியிருந்தார்: "சனிக்கிழமை கிண்டுறம், பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ." போனோம். கடற்கரை மணலில் வெங்காயப் பாத்திகள். தாள் மஞ்சளாகிச் சாய்ந்திருந்தது. அதுதான் கிண்டுகிற பதம். பிடுங்கி மண்ணை உதறி, தாளோடு சேர்த்துப் பிடிபிடியாகக் கட்டினார்கள். மகள் கட்டிய முதல் பிடி தூக்கியதும் அவிழ்ந்தது. ஓர் அக்கா தாளை இரண்டு சுற்றுச் சுற்றிச் செருகுவதைக் காட்டிக்கொடுத்தார், அடுத்தது நின்றது. விதைக்கென்று நல்ல திரட்சியானவற்றை ஒதுக்கிக் கொட்டிலின் வளையில் தொங்கவிட்டிருந்தார்கள். தோட்டத்து வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: விற்க முந்தியே அடுத்த போகத்துக்கு எடுத்து வைப்பது.

மகள் உடனே நட வேண்டும் என்று நின்றாள். "இப்ப நட்டா ஒழுங்கா முளையாது பிள்ளை. காத்துப்படத் தூக்கிப் போட்டுட்டு, ரெண்டு மாசம் போக நடு" என்று ஒரு பிடியைக் கொடுத்துவிட்டார். காசு வாங்கவில்லை. எங்கள் வீட்டில் மழை படாமல் காற்று மட்டும் படுகிற ஒரே இடம் முன் தாழ்வாரம்தான். அங்கே நிற்பது என் கணவருடைய மோட்டார் சைக்கிள். அது இனி மாமரத்தடிக்குப் போக வேண்டும். அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை, பிள்ளைகள் கயிறு கட்டி முடித்துவிட்டார்கள்.