தம்பிக்குப் பதினாறு

ஜூன் 19 (ஆனி 5)

என் மகனை வீட்டில் தம்பி என்றுதான் கூப்பிடுவோம். பிளஸ் ஒன் சேர்ந்ததிலிருந்து அவன் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறான். தாழ்ப்பாள் போடுவதில்லை, சாத்துகிறான், அவ்வளவுதான். அத்தைக்கு அதுவே பொறுக்கவில்லை. நான் தட்டிவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.

ராத்திரி பதினொன்று தாண்டித்தான் அவனுக்குத் தூக்கம் வருகிறது. இந்த வயதில் தூக்கம் வரவைக்கும் மெலடோனின் உடம்பில் தாமதமாகத்தான் சுரக்கும். சீக்கிரம் படு என்று அதட்டினால் புரண்டுகொண்டுதான் கிடப்பான். விடிகாலையில் பால் கறக்க எழுகிற வீட்டில் இதைப் புரியவைப்பது பெரும்பாடு. "சோம்பேறித்தனம் இல்லீங்க அத்தை" என்று சொல்லிப் பார்க்கிறேன்.

ஜூன் 28 (ஆனி 14)

டியூசனுக்குக் கோபிசெட்டிபாளையம் போக எக்ஸ்எல் வண்டியைக் கேட்டான். எங்கள் பக்கம் தோட்டத்துப் பையன்கள் மீசை முளைக்கும் முன்பே அதை ஓட்டிவிடுவார்கள். ஆனால் பதினாறு வயதுக்கு, 50 சிசிக்குள் இருக்கும் கியர் இல்லாத வண்டிக்குத்தான் லைசன்ஸ். எக்ஸ்எல் 100 அந்தக் கணக்கில் வராது. 2019-ல் திருத்திய சட்டப்படி, 18 ஆகாத பிள்ளை ஓட்டிக் குற்றமானால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருஷம் வரை சிறை. அதையெல்லாம் விட, சத்தி ரோட்டு லாரிகளை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. "வேண்டாம் கண்ணு, பஸ்ல போ" என்றேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

எல்லாவற்றுக்கும் முடியாது என்றால் பிள்ளை நம்மிடம் கேட்பதையே விட்டுவிடும். அதனால் வீட்டுக்காரரிடம் பேசி, வங்கியில் அவன் பேரில் கணக்கு ஆரம்பித்தோம். பத்து வயது நிரம்பிய பிள்ளைகள் தாங்களே சேமிப்புக் கணக்கை நடத்தலாம் என்று ரிசர்வ் வங்கி 2014-லேயே சொல்லிவிட்டது. பஸ், நோட்டு, டியூசன் செலவை மாதாமாதம் அதில் போட்டுவிடுவோம். மிச்சம் அவன் பாடு.

ஜூலை 21 (ஆடி 5)

நேற்று கரண்ட் ராத்திரிதான் வந்தது. "நீங்க படுங்கப்பா, மோட்டாரை நான் போட்டுட்டு வர்றனுங்" என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனான். மஞ்சளுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு, கால் முழுக்கச் சேறோடு வந்து படுத்தான்.

அவர் அதுவரை வாசலிலேயே நின்றார். பாம்பு பயம் என்று நினைத்தேன். அது மட்டுமில்லை.

"எந்த மடையை முதல்ல திறக்கறதுன்னுகூடக் கேக்கல."

சின்னதில் வரப்பில் உட்கார்ந்து, இது ஏன், அது ஏன் என்று ஓயாமல் கேட்பான். இவரும் சலிக்காமல் சொல்வார். அந்தக் கேள்விகள் நின்றதுதான் இவருக்கு வலிக்கிறது. எனக்காவது சாப்பாடு, துணிமணி என்று அவனோடு பேச ஏதோ ஒன்று இருக்கிறது. இவருக்குத் தோட்டம் ஒன்றுதான் இருந்தது.

"நீங்க சொல்லிக்குடுத்ததத்தான செய்யறான்? வருத்தமா இருந்தா என்கிட்டச் சொல்லுங்க, அவன்கிட்டக் காட்டீராதீங்க" என்றேன். பதில் சொல்லவில்லை. காலையில் அவனை எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 3 (ஆடி 18)

வருஷா வருஷம் குடும்பத்தோடு பவானி கூடுதுறைக்குப் போவோம். இந்த வருஷம் அவன் சேத்தாளிகளோடு போனான். படியை விட்டு ஆழத்துக்கு இறங்கக் கூடாது, போய்ச் சேர்ந்ததும் போன் பண்ண வேண்டும். ரெண்டுக்கும் சரி என்றான். சொன்னபடியே போனும் வந்தது.

"நாமளும் கூடுதுறைக்கே போலாமா?" என்றார் இவர்.

"அவன் பொறத்தாலயேவா? வேண்டாமுங்க, பண்ணாரிக்குப் போலாம்."

அத்தையையும் கூட்டிக்கொண்டு போய் நிம்மதியாகக் கும்பிட்டோம். திரும்பும்போது மறுபடி போன். "மத்தியானம் வெளியவே சாப்புட்டுக்கறனுங்ம்மா. ராத்திரிக்கு அரிசியும் பருப்பும் சோறு செய்ங்க."

அப்பா பக்கத்தில்தான் இருக்கிறார் என்று போனை அவரிடம் கொடுத்தேன். ஆற்றில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று விசாரிக்க ஆரம்பித்தவர், பஸ் சத்தியமங்கலம் வரும்வரை பேசிக்கொண்டே வந்தார்.