மனப்பாடத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்த சிறுமி

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் என் இரண்டாம் வகுப்பில் படித்த ஒரு சிறுமி, தமிழ்ப் பாடநூலின் எந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்தாலும் தங்குதடையின்றி வாசிப்பாள். ஒரு நாள் அவளுடைய விரல் முதல் வரியிலேயே நிற்க, வாய் மூன்றாம் வரிக்குப் போயிருந்ததைப் பார்த்தேன். குழந்தைக்கு அவசரம் என்று எண்ணிச் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டேன். அவள் வாசிக்கவே இல்லை, பக்கத்திலிருந்த படத்தைப் பார்த்துப் பாடத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தாள் என்பது, நான்காம் வகுப்பில் பாடங்கள் நீண்டு மனப்பாடத்துக்கு அடங்காமல் போனபோதுதான் வெளிப்பட்டது. அதற்குள் அவளுக்கு 'மெல்லக் கற்பவள்' என்ற பெயர் விழுந்துவிட்டது. நான் சிரித்துவிட்டு நகர்ந்த அந்த ஒரு நிமிடத்துக்கு அவள் கொடுத்த விலை இரண்டு ஆண்டுகள்.

டிஸ்லெக்ஸியா எனப்படும் வாசிப்புக் குறைபாட்டுக்கும் அறிவுக்கூர்மைக்கும் தொடர்பில்லை. காதில் விழும் ஒலியைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் ஓர் எழுத்தோடு பொருத்துவதில்தான் அந்தக் குழந்தைகள் தடுமாறுகிறார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று என்பதால், பொதுத்தேர்வில் சொல்வதை எழுத ஓர் ஆள், கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கிடைக்கின்றன. வேண்டியவைதான், ஆனால் பத்தாம் வகுப்பில் சான்றிதழுக்கு அலையும் பெற்றோரைப் பார்க்கும்போதெல்லாம், இந்த அக்கறையில் பாதியாவது ஒன்றாம் வகுப்பில் வந்திருக்கக் கூடாதா என்று தோன்றும்.

இங்கிலாந்தில் 2012 முதல், முதலாம் ஆண்டு முடிக்கும் குழந்தைகளிடம் 40 சொற்களைக் கொடுத்து வாசிக்கச் சொல்கிறார்கள். அவற்றில் 20 சொற்களுக்குப் பொருளே கிடையாது. பொருளற்ற சொல்லை முன்பே கேட்டிருக்க வழியில்லை, படத்தைப் பார்த்து ஊகிக்கவும் முடியாது. எழுத்துக்கூட்டத் தெரிந்தால்தான் வாசிக்க முடியும். இதைப் படித்த அன்றே 'தோமிகு', 'பெலாட்டு', 'நைமுரி' என்று பத்துச் சொற்களை அட்டையில் எழுதி வகுப்புக்கு எடுத்துச் சென்றேன். "டீச்சர், தோமிகுன்னா பூச்சியா?" என்று கேட்ட பையன் அதைச் சரியாக வாசித்திருந்தான். பாட்டு, கதை எல்லாவற்றிலும் முந்திக்கொள்ளும் இன்னொருவன் அட்டையை வெகுநேரம் பார்த்துவிட்டு, "தோசை" என்றான்.

ஆங்கிலத்துக்குச் செய்த சோதனையை அப்படியே மொழிபெயர்த்தால் தமிழ்க் குழந்தையின் இடறல் அதில் தெரியாது. அரியானாவின் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2015இல் வெளியிட்ட, டிஸ்லெக்ஸியாவைக் கண்டறிய உதவும் டாலி என்ற கருவி, இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் என ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியே அமைக்கப்பட்டதற்குக் காரணமும் இதுதான். தமிழில் 'கோ' என்பதைக் காது ஒரே ஒலியாகக் கேட்கிறது. கண்ணோ முதலில் இரட்டைக் கொம்பையும், பிறகு ககரத்தையும், கடைசியில் துணைக்காலையும் சந்திக்கிறது. அதனால் 'கோழி' பலருக்குக் 'கேழி' ஆகிறது, 'கொடி' 'கெடி' ஆகிறது. 'பட்டம்' என்று சொன்னால் 'படம்' என்று எழுதும் குழந்தை, நடுவிலிருக்கும் புள்ளி எழுத்தைக் கேட்கவில்லை என்று பொருள். ஒன்றாம் வகுப்பில் எல்லாரும் செய்யும் பிழைகள்தான் இவை. இரண்டாம் வகுப்பின் நடுவிலும், நன்றாகக் கற்பித்த பின்னும், ஒரே பிள்ளையிடம் இவை விடாமல் நின்றால் குறித்துக்கொள்ள வேண்டும். லகர ளகர ழகரக் குழப்பத்தை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. அதைச் சேர்த்தால் ஊரிலுள்ள பாதிக் கடைகளின் பெயர்ப்பலகைகளையும் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.

எழுத்தே இல்லாத சோதனையும் உண்டு. 'வளையல்' என்ற சொல்லில் 'வ'வை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று வாய்மொழியாகக் கேட்பேன். 'ளையல்' என்று சொல்லிச் சிரிக்கும் பிள்ளைகளுக்கு நடுவே, 'கம்மல்' என்று பதில் சொல்பவரும் இருப்பார்கள். அவர்கள் பொருளைப் பிடித்துக்கொள்கிறார்கள்; ஒலி கைக்கு வருவதில்லை.

சல்லடையில் தங்கியதெல்லாம் கல்லாகிவிடாது. இந்தச் சோதனைகளில் இடறும் குழந்தையின் கண்ணையும் காதையும் முதலில் பார்த்துவிட வேண்டும். கரும்பலகை தெரியாமல் தவறாக எழுதிய பிள்ளை கண்ணாடி போட்டதும் சரியானதை நானே பார்த்திருக்கிறேன். டிஸ்லெக்ஸியா என்று உறுதிசெய்வது பயிற்சி பெற்ற வல்லுநரின் வேலை. ஆசிரியர் அந்தச் சொல்லைப் பெற்றோரிடம் உதிர்த்துவிடக் கூடாது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்ததால் பின்தங்கியவர்கள் கண்ணில் படுகிறார்கள். ஆனால் செங்கல் சூளைக்குப் பெற்றோருடன் போய் மூன்று மாதம் பள்ளிக்கு வராத குழந்தையும், ஒரு நாள்கூட விடுப்பெடுக்காமல் வந்தும் எழுத்து பிடிபடாத குழந்தையும் ஒரே அரும்பில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் குழந்தைக்குப் பாடம் நடத்தினால் போதும்; இரண்டாவது குழந்தைக்குப் பாடம் நடத்தும் முறையே மாற வேண்டும்.

'தோசை' என்று வாசித்த பையனின் கண்ணிலும் காதிலும் குறையில்லை. "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் படிச்சாராம், வயசானா சரியாயிடும்" என்றார் அவன் அம்மா. இந்தக் குறைபாடு குடும்பத்தில் தொடர்வது உண்டு என்பதால், அவர் ஆறுதலாகச் சொன்னதை நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அன்றிலிருந்து மதிய உணவுக்குப் பின் தினமும் பத்து நிமிடம், மணல் பரப்பிய தட்டில் அவனும் நானும் எழுதுகிறோம். ஆறு வாரம் பார்த்துவிட்டு வல்லுநரிடம் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன். இது நான்காவது வாரம். "கொம்பு முன்னாடி, கால் பின்னாடி" என்று முணுமுணுத்தபடி நேற்று 'கோழி'யைச் சரியாக எழுதினான். 'பட்டம்' இன்னும் 'படம்'தான்.