ஹெப்டோன்ஸைத் தேடி கிங்ஸ்டனில்

ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டன் போகிறவர்கள் ஹோப் சாலையில் பாப் மார்லி அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டுக் கடற்கரைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். ஜமைக்காவில் 1960களில் பிறந்த ராக்ஸ்டெடி இசையையும், அதைப் பாடிய ஹெப்டோன்ஸ் என்ற மூவர் குழுவையும் கேட்கிறவர்களுக்கு அது போதாது. கிராஸ் ரோட்ஸ் சந்திப்பில் இறங்குங்கள். டாக்ஸியில் ஏறுமுன் நம்பர் பிளேட் சிவப்பா என்று பாருங்கள்; இல்லையென்றால் வண்டிக்கு உரிமம் கிடையாது.

அங்கிருந்து நடக்கிற தூரம்தான் பிரெண்ட்ஃபோர்ட் சாலை, 13ஆம் எண். இசைத் தயாரிப்பாளர் காக்ஸன் டாட் 1963இல் திறந்த ஒலிப்பதிவுக்கூடம், ஸ்டூடியோ ஒன். 2004இல் தெருவுக்கே ஸ்டூடியோவின் பெயரைச் சூட்டினார்கள். சில நாளில் டாட் இறந்துபோனார். நினைத்த நேரத்தில் உள்ளே போக முடியாது, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

லெராய் சிபில்ஸ், எர்ல் மோர்கன், பாரி லெவலின் மூவரும்தான் ஹெப்டோன்ஸ். குப்பையில் கிடந்த ஹெப்டோன் டானிக் பாட்டிலைப் பார்த்து மோர்கன் பிடித்த பெயராம். 1966இல் டாட்டிடம் வந்து பாடிய 'ஃபேட்டி ஃபேட்டி'யை வானொலி தடை செய்தது. பாட்டு ஓடத்தான் செய்தது.

முன்பிருந்த வேகமான ஸ்கா இசையின் ஓட்டம் தணிந்து ராக்ஸ்டெடி வந்தபோது டிரம்பெட், சாக்ஸபோன் எல்லாம் ஓரத்துக்குப் போய், குரலும் பேஸ் என்ற தாழ்சுருதிக் கிட்டாரும் நடுவில் உட்கார்ந்தன. இந்தக் குழுவில் இரண்டையும் கவனித்தவர் ஒரே ஆள். முன்குரல் பாடிய சிபில்ஸ், ஸ்டூடியோவின் கீபோர்டு கலைஞர் ஜாக்கி மிட்டூ தூண்டிவிட்டதால் பேஸ் கிட்டாரும் எடுத்து, அதே ஸ்டூடியோவில் மற்றவர்களுக்கும் வாசித்தார். அவருடைய பேஸ் விடாமல் ஓடாது. நாலைந்து சுரம், பிறகு ஒரு மௌனம். அந்த மௌனத்தில்தான் மற்ற இருவரின் குரல் வந்து விழும். சில பழைய ஸ்டீரியோ பதிப்புகளில் வாத்தியம் ஒரு காதிலும் குரல் மறு காதிலும் வரும். வாத்தியப் பக்கத்து இயர்போனைக் கழற்றிவிட்டால் மூன்று குரலும் தனியாகக் கிடைக்கும்.

இசைத்தட்டு வாங்க டவுன்டவுனில் ஆரஞ்சு தெரு. 135ஆம் எண்ணில் ராக்கர்ஸ் இன்டர்நேஷனல் கடை. பகலிலேயே போய்விட்டு வாருங்கள், ஜமைக்கா டாலரில் ரொக்கம் வைத்திருங்கள். ஏழு அங்குலத் தட்டுகளில் கீறலைவிட மோசமானது நடுத்துளை விலகியிருப்பது. தட்டு சுற்றும்போது ஊசிக்கை பக்கவாட்டில் ஆடினால் வாங்காதீர்கள். சுருதி ஏறி இறங்கும். தனிக்குரலில் அது மன்னிக்கத்தக்கது, மூன்று குரல் இழையும் நீண்ட சுரத்தில் காது கூசும். துளை பெரிதாக இருப்பதால் வீட்டு பிளேயருக்கு அடாப்டர் வேண்டும், சாதாரண பிளாஸ்டிக்கே போதும்.

வாங்கியதை வெயிலில் நிற்கும் காரில் விட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். ஒரு மணி நேரத்தில் அப்பளமாகிவிடும்.