தெருவுக்குத் திரும்பிய ஒலிபெருக்கி

மார்ச் 3

1980-90களில் சீனாவில் இருந்த வீடியோ கூடங்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். டிக்கெட் வாங்கிக்கொண்டு வீடியோ கேசட்டில் படம் பார்க்கும் சிறு அரங்குகள் அவை. உள்ளே ஓடும் படத்தின் ஒலியை ஒலிபெருக்கி வைத்துத் தெருவுக்குத் திருப்பிவிடுவார்களாம். துப்பாக்கிச் சத்தமும் வாள் மோதும் ஓசையும் கடைவீதி இரைச்சலோடு கலந்து, போகிறவனைப் பிடித்து இழுக்கும். வாசலில் கரும்பலகை; அதில் சாக்பீஸால் எழுதிய அன்றைய படங்கள். உள்ளே தொலைக்காட்சிப் பெட்டி, விசிஆர், மர பெஞ்சுகள், சிகரெட் புகை, காலடியில் சூரியகாந்தி விதைத் தோல். பெரும்பாலும் ஹாங்காங் படங்கள், அதுவும் திருட்டு கேசட்டில்.

மார்ச் 5

1979-இல் சீனாவில் படம் பார்க்க வந்தோர் கணக்கு 2,930 கோடி. கிராமத் திடலில் திரை கட்டிக் காட்டியதும் இதில் அடக்கம். எந்தப் படம் எங்கே ஓட வேண்டும் என்பதை அன்று அரசே தீர்மானித்தது. சந்தைக்குக் கதவு திறந்த பொருளாதாரச் சீர்திருத்தத்துக்குப் பிறகு, அரசின் பண்பாட்டு நிலையங்களே வருமானத்துக்காக வீடியோ கூடம் திறந்தன!

மார்ச் 8

இன்று படித்தது மனத்தை அறுக்கிறது. 1980-இல் ஹாங்காங்கை ஒட்டிய ஷென்சென் சிறப்புப் பொருளாதார மண்டலமானது. கிராமங்களிலிருந்து இளைஞர்கள் சாரி சாரியாக வந்தார்கள். ஆனால், 1958-இல் சட்டமான ஹுகோவ் என்ற குடும்பப் பதிவு முறையால் நகரத்துக் குடியுரிமை அவர்களுக்கு இல்லை. வேலை உண்டு, ஊர் இல்லை. தொழிற்சாலை விடுதியில் அடுக்குக் கட்டில். வேலை போனால் அதுவும் போயிற்று. அப்படிப்பட்டவனுக்கு, ஒரு டிக்கெட்டில் விடியும்வரை உட்கார இடம் கொடுத்தது வீடியோ கூடம். படம் பாதியில் ஓடிக்கொண்டிருக்க, பெஞ்சிலேயே தூங்கிவிடுவான். லாட்ஜில் அறை எடுப்பதைவிட அது மலிவு.

நள்ளிரவுக்குப் பின் ஆபாசப் படம் ஓட்டிய கூடங்களும் இருந்தன. அந்த நேரத்தில் ஒரு பெண் தொழிலாளி அங்கே நிம்மதியாக உட்கார்ந்திருக்க முடியுமா? இதை மறைத்துவிட்டுக் கூடங்களைக் கொண்டாடுவது நியாயமில்லை.

மார்ச் 12

சீன இயக்குநர் ஜியா ஜாங்கே 1997-இல் தன் சொந்த ஊரான ஃபென்யாங்கில் எடுத்த ‘சியாவ் வூ’ படத்தை மறுபடி பார்த்தேன். இந்த முறை கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை. தெருக்காட்சிகளில் வாகனங்களோடும் அறிவிப்புகளோடும் ஹாங்காங் படத்தின் ஒலியும் சேர்ந்து வருகிறது.

1993-இல் சீனாவின் ஹெஃபெய் நகரில், குறுந்தட்டில் படம் பார்க்க உதவும் விசிடி பிளேயர் தயாரானது. விலை இறங்க இறங்கப் படம் வீட்டுக்கே வந்துவிட்டது. கூடங்கள் ஒவ்வொன்றாக மூடின. சீன சினிமா வரலாறு என்றால் ஸ்டூடியோக்களையும் திரைப்பட விழா விருதுகளையும்தான் விரிவாக எழுதுகிறார்கள். கூடம் நடத்தியவர்களும் அங்கே இரவைக் கழித்தவர்களும் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டும்.