ரோக் தீவில் பெண்களுக்கு இடமில்லை என்று யார் சொன்னது?

கோண்ட் தீவில் இரண்டு பழமொழிகள் உண்டு. பெண்ணின் மந்திரம் போல வலுவற்றது என்பது ஒன்று. பெண்ணின் மந்திரம் போலக் கெட்டது என்பது இன்னொன்று. உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய எர்த்சீ என்ற கற்பனைத் தீவுலக வரிசையின் முதல் நாவலில், ஆரம்பப் பக்கங்களிலேயே இரண்டும் வந்துவிடும். வலுவே இல்லாத ஒன்று எப்படி ஊரைக் கெடுக்கும் என்று கோண்டில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பழமொழிகளுக்கு அந்தச் சலுகை எல்லா ஊரிலும் உண்டு.

கதையின் நாயகன் கெட், ஆடு மேய்க்கிற பையன். தாயில்லாப் பிள்ளை. அவனுக்கு முதன்முதலில் மந்திரம் சொல்லிக்கொடுப்பது அவனுடைய பெரியம்மாவோ சித்தியோ, அம்மாவுடன் பிறந்தவள், அந்த ஊர்ச் சூனியக்காரி. ஆடுகளைக் கூப்பிடும் சொல், பருந்தைக் கூப்பிடும் பெயர் எல்லாம் அவளிடம் கற்றதுதான். ஆனால் கதைசொல்லி அவளை 'அறியாத மக்கள் நடுவில் ஓர் அறியாத பெண்' என்கிற தொனியில் ஓரமாகத் தள்ளிவிட்டுப் போகிறார். பிறகு ஓகியான் என்ற பெரிய மந்திரவாதி வந்து பையனை அழைத்துப் போகிறார். அங்கிருந்து ரோக் தீவுப் பள்ளி. அங்கே மாணவர்கள் எல்லாரும் ஆண்கள். ஒன்பது ஆசான்களும் ஆண்கள், தலைமை மந்திரவாதியும் ஆண். ஏன் என்று ஒரு வரிகூடக் கிடையாது.

அதே நாவலில் 'யாரோ' (Yarrow) என்ற பெயரில் ஒரு சின்னப் பெண் வருகிறாள், கெட்டின் நண்பனுடைய தங்கை. மந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று கெட்டிடம் கேட்பவள் அவள்தான். புத்தகத்திலேயே நல்ல கேள்விகள் அவளுடையவை. கேட்கும்போது அடுப்பில் கோதுமைப் பணியாரம் வெந்துகொண்டிருக்கிறது, அதையும் அவள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அவள் வளர்க்கிற குட்டி டிராகன் ஒன்று நடுவில் பணியாரத்தைத் திருடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த காட்சி. டிராகனைக் கைக்குள் அடங்கும் செல்லப் பிராணியாக்கும் அளவுக்கு ஓடிய கற்பனை, அந்த அடுப்படியில் ஆளை மாற்றி நிறுத்தவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இது எர்த்சீயோடு நிற்கிற விஷயமும் இல்லை. ஹாரி பாட்டர் கதைகளில் வரும் ஹாக்வர்ட்ஸ் மந்திரப் பள்ளியை நிறுவிய நால்வரில் இருவர் பெண்கள், அங்கே தடை எதுவும் இல்லை. பெண்கள் விடுதிக்குப் போகும் படியில் பையன் கால் வைத்தால் படி சறுக்குமரமாகி அவனைக் கீழே தள்ளிவிடும். பெண்கள் ஆண்கள் விடுதிக்குத் தாராளமாகப் போகலாம். நிறுவியவர்கள் பையன்களை அவ்வளவாக நம்பவில்லையாம். சரி, நல்ல ஏற்பாடு. ஆனால் ஹாரியின் நண்பன் ரானின் வீட்டுக்கு வாருங்கள். கோலை அசைத்தால் பாத்திரம் தானே கழுவிக்கொள்கிறது. அந்தக் கோலை அசைப்பது மட்டும் அம்மா மாலி. அப்பா ஆர்தர் அமைச்சகத்துக்கு வேலைக்குப் போய்விட்டுச் சாப்பிட வருவார். ஏழு பிள்ளைகள் உள்ள வீட்டில் மந்திரம் மாலியின் கைவலியைக் குறைத்திருக்கிறது, அவள் நிற்கும் இடத்தை மாற்றவில்லை. எங்கள் வீட்டுக்கு மிக்ஸி வந்தபோதும் அம்மா அதே இடத்தில்தான் நின்றார்.

டெர்ரி பிராட்செட் இதை நேராகவே கையில் எடுத்தார். 1987இல் வந்த 'ஈக்வல் ரைட்ஸ்' நாவலில், சாகப்போகிற ஒரு மந்திரவாதி தன் கோலை எட்டாவது மகனின் எட்டாவது மகனுக்குக் கொடுக்க அவசரமாக வருகிறார். பிறந்த குழந்தை ஆணா பெண்ணா என்று பார்க்காமல் கொடுத்துவிட்டுச் செத்தும் போகிறார். பெண் குழந்தை, பெயர் எஸ்க். அவள் மந்திரவாதி ஆகக்கூடாது என்று முதலில் நிற்பது ஆண்கள் இல்லை, கிராமத்துச் சூனியக்காரியான கிரானி வெதர்வாக்ஸ். பெண் மந்திரம் மண்ணிலிருந்து வருவது, ஆண் மந்திரம் வானத்திலிருந்து வருவது, கலக்கக்கூடாது என்பது கிழவியின் கட்சி. மரபைக் காப்பாற்றும் வேலையைப் பெண்களிடமே கொடுத்துவிட்டால் ஆண்கள் குரலை உயர்த்தவே வேண்டாம் என்பது பிராட்செட்டுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. கடைசியில் எஸ்க் மந்திரவாதிகளின் பல்கலைக்கழகத்துக்குள் நுழைவது வேலைக்காரர் வாசல் வழியாக. மந்திரக்கோல் துடைப்பம் வேடத்தில் இருக்கிறது. துடைப்பத்தோடு வரும் பெண்ணை எந்தக் காவல்காரன் நிறுத்துவான்?

எனக்கு உறுத்துவது அதற்கப்புறம் நடந்தது. எஸ்க் கதவைத் திறந்துவிட்டாள், கதை சுபம். ஆனால் பிந்தைய நாவல்களில் அதே பல்கலைக்கழகத்தில் மறுபடியும் கொழுத்த ஆண் மந்திரவாதிகள் மட்டும் உட்கார்ந்து ஐந்து வேளை சாப்பிடுகிறார்கள். எஸ்க் மீண்டும் தலைகாட்டுவது 2010இல்தான். அந்தச் சாப்பாட்டு மேசை நகைச்சுவைக்கு ஆண்கள் கூட்டம் தேவைப்பட்டிருக்கலாம். காரணம் எதுவானாலும் ஒரு பெண் உள்ளே வந்த சுவடே அங்கே இல்லை.

லெ குவின் அப்படி விட்டுவிடவில்லை. மூன்றாவது நாவல் 1972இல் வந்தது, நான்காவதான 'டெஹானு' 1990இல். எங்கள் ஆபீஸில் ஒரு நண்பர், தீவிர ஃபேண்டஸி வாசகர், இந்த நான்காவது புத்தகத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்பார். ஆடு, அடுப்பு, பாத்திரம், தீயில் கருகிய ஒரு குழந்தை, சக்தியெல்லாம் போய் வீட்டோடு இருக்கிற கெட். "இதுக்கா பதினெட்டு வருஷம்?" என்று கேட்பார்.

நடப்பது இதுதான். டெனார் முன்பு தலைமைப் பூசாரியாக இருந்தவள். ஓகியான் அவளுக்கு மந்திர மொழி கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். அவள் அதை விட்டுவிட்டு ஒரு விவசாயியைக் கட்டிக்கொண்டாள். இப்போது விதவை. கடலுக்குப் போயிருந்த மகன் ஸ்பார்க் திரும்பி வருகிறான். சாப்பிட்டுவிட்டுத் தட்டை அப்படியே வைக்கிறான். எடுத்து வை என்கிறாள். அது பெண்கள் வேலை என்கிறான். இந்த அடுப்படியில் சாப்பிடுகிற எல்லாருடைய வேலையும்தான் என்கிறாள். அவன் எழுந்து போய்விடுகிறான். கோண்ட் சட்டப்படி பண்ணை அவனுக்குத்தான், அதனால் கிளம்புவது அம்மா. தட்டு இருந்த இடத்திலேயே இருக்க வீடு கைமாறிவிடுகிறது. ஒன்றும் நடக்கவில்லையாம்.

அதே நாவலில் இன்னொரு இடம். ரோக் ஆசான்கள் கூடி அடுத்த தலைமை மந்திரவாதி யார் என்று தேடுகிறார்கள். தோப்பில் வாழும் ஆசானின் வாயிலிருந்து 'கோண்டில் ஒரு பெண்' என்று வருகிறது. கூடியிருப்பவர்கள் படித்த மேதைகள். அவர்கள் எடுத்துக்கொண்ட அர்த்தம், கோண்டில் இருக்கும் ஏதோ ஒரு பெண் தலைமை மந்திரவாதியிடம் போக நமக்கு வழி காட்டுவாள் என்பது. கப்பலில் அந்த ஆசான்களில் ஒருவர் இதை டெனாரிடமே மரியாதையாக விளக்குகிறார். அவரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அந்த வாக்கியத்துக்கு இன்னொரு அர்த்தம் உண்டு என்பதே அவருக்குத் தோன்றவில்லை.

'எர்த்சீயின் கடைசிப் புத்தகம்' என்று டெஹானுவின் அட்டையில் போட்டுவிட்டு, லெ குவின் 2001இல் இன்னும் இரண்டு எழுதினார். அதில் ஒன்று கதைத் தொகுப்பு. அதன் முதல் கதையில்தான் ரோக் பள்ளி எப்படி உருவானது என்று வருகிறது. அடிமைத்தனமும் கொள்ளையும் நிறைந்த காலத்தில், ஒருவரையொருவர் ரகசியமாகக் காப்பாற்றிக்கொண்ட ஒரு கூட்டம் கட்டிய பள்ளி அது. கூட்டத்தில் பெரும்பகுதி பெண்கள். முதல் சில பத்தாண்டுகள் இருபாலரும் கற்றார்கள், கற்பித்தார்கள். எர்த்சீ கணக்கில் 730ஆம் ஆண்டு, ஹால்கெல் என்ற முதல் தலைமை மந்திரவாதி பெண்களை வெளியேற்றினார். ஒன்பது ஆசான்களில் எதிர்த்தவர்கள் இருவர் மட்டும், வாசல் காப்பவரும் தோப்பில் இருப்பவரும். மற்றவர்கள் எண்ணிக்கையில் வென்றார்கள். அதற்குப் பிறகு மூன்று நூற்றாண்டுக்கும் மேல் ஒரு பெண்ணும் அங்கே படிக்கவில்லை. முதல் நாவலில் காரணமே சொல்லாமல் கிடந்த வழக்கத்துக்கு ஒரு தேதியும், ஓர் ஆளும், தோற்றுப்போன இரண்டு எதிர்ப்பும் கிடைத்துவிட்டன.

தொகுப்பின் கடைசிக் கதையில் ஐரியன் என்ற பெண் பள்ளி வாசலுக்கு வருகிறாள். அவளை உள்ளே விடுவது வாசல் காப்பவர், தங்க இடம் கொடுப்பது தோப்பில் இருப்பவர். அதே இரண்டு பதவிகள்! இதைக் கண்டுபிடித்த அன்று தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

ஆபீஸ் நண்பரிடம் 730 சமாச்சாரத்தைச் சொன்னேன். "அதெல்லாம் பின்னாடி ஒட்டவைத்தது, 1968இல் எழுதினதுதான் அசல்" என்றார். ஒட்டவைத்தவரும் அசலை எழுதியவரும் ஒரே ஆள்தானே என்றேன். அதற்கு அவர் சொன்னது, "இருக்கட்டும், மரபுன்னு ஒண்ணு இருக்கில்ல." எர்த்சீ வாசகர் ஒருவர் வாயாலேயே இதைக் கேட்டபின் நான் என்ன சொல்ல? தொகுப்பை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். முதல் கதையே நீளமானது, மதியச் சாப்பாட்டு நேரத்தில் முடியாது என்று இப்போதே முனகுகிறார்.