‘பிளெய்ன் எங்கம்மா?’: சிறுநீரகக் கட்டியோடு அலைந்த ஆறு வாரங்கள்

வலது சிறுநீரகத்தை முழுவதுமாக எடுத்துவிட வேண்டும் என்றும், வியாழக்கிழமை காலை வெறும் வயிற்றோடு வந்து அட்மிட் ஆகிவிட வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்த சீட்டு இன்னும் என் கைப்பையில் இருக்கிறது. சிறுநீரகமும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இடைப்பட்ட ஆறு வாரத்தில் நான் பட்ட அலைச்சலில் பாதிகூட நோயால் வந்ததன்று. எடுக்காமல் விட்ட ஒரு ஸ்கேனாலும், படிவத்தில் தவறாக நிரப்பிய ஒரு கட்டத்தாலும் வந்தது.

மாதவிடாயின்போது உதிரப்போக்கு அதிகமாக இருந்ததால், 2024 பிப்ரவரியில் மகளிர் மருத்துவர் வயிற்று ஸ்கேன் எழுதினார். கர்ப்பப்பையில் பெரிதாக ஒன்றுமில்லை. வலது சிறுநீரகத்தில் 5.2 செ.மீ. அளவில் கட்டி இருந்தது. வீட்டுக்கு வந்து பழைய ஃபைலைப் பிரித்த பிறகுதான் எனக்கு அடிவயிறு கலங்கியது. 2019-இல் பித்தப்பைக் கல்லுக்காக எடுத்த ஸ்கேன் அறிக்கையின் கடைசி வரியில், அதே சிறுநீரகத்தில் 2.9 செ.மீ. அளவுக்கு வெண்மையாகத் தெரியும் ஒரு கட்டி இருப்பதாகவும், ஆறு மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கும்படியும் தெளிவாக அச்சிட்டிருந்தது. அன்று அறிக்கையைப் பார்த்தவர் கல்லைப் பற்றி மட்டும் பேசினார். நானும் கல்லைப் பற்றி மட்டுமே கேட்டேன். ஐந்து ஆண்டுகளாக அந்த வரி பீரோவுக்குள் கிடந்திருக்கிறது.

அடுத்து சி.டி. ஸ்கேன். எங்கள் ஊரிலேயே ஒரு சென்டரில் கான்ட்ராஸ்ட் என்ற, படத்தில் உறுப்புகளை ஒளிர்ந்து தெரியவைக்கும் மருந்தை ஊசியாகப் போட்டு எடுத்தார்கள். "சிறுநீரகப் புற்றுநோயாக இருக்கக்கூடும்" என்று அறிக்கை வந்தது. அதைப் பார்த்த அறுவை மருத்துவர், ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு நிமிடம் தூக்கிப் பிடித்துவிட்டு, வியாழக்கிழமை என்று நாள் குறித்துவிட்டார். கட்டியை மட்டும் எடுக்க முடியாதா என்று கேட்டதற்கு, "ரிஸ்க் எதுக்கு, இன்னொரு கிட்னி இருக்குல்ல" என்றார். அவர்மீது முழுப் பழியையும் போடுவது நியாயமன்று. சிறுநீரகத்தில் கான்ட்ராஸ்டை உறிஞ்சி ஒளிரும் திடக்கட்டி என்றால், வேறு என்று தெளிவாகத் தெரியும்வரை புற்றுநோயாகவே எடுத்துக்கொள்வது மருத்துவத்தில் வழக்கம் என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன். ஆனால் வேறு ஏதாவதா என்று பார்க்க வேண்டிய முயற்சியை யாரும் எடுக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

என் அண்ணன்தான் வியாழக்கிழமைக்குப் போகக்கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றான். கோவில்பட்டியிலிருந்து மதுரைக்குக் கூட்டிப்போய் வேறொரு சிறுநீரக அறுவை மருத்துவரிடம் காட்டினான். அவர் ஃபிலிமைப் பார்த்ததும் நேராகக் கீழ்த்தளத்தில் இருந்த, ஸ்கேன் படங்களைப் பார்த்துச் சொல்லும் ரேடியாலஜி மருத்துவரிடம் அனுப்பினார். அந்த அம்மா மூன்று ஃபிலிம்களையும் வெளிச்சப் பெட்டியில் மாட்டி, தபால்தலை அளவில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "பிளெய்ன் எங்கம்மா?" என்று கேட்டார்.

கான்ட்ராஸ்ட் ஊசி போடுவதற்கு முன் எடுக்க வேண்டிய வெறும் ஸ்கேன்தான் பிளெய்ன். புற்றுநோயல்லாத சிறுநீரகக் கட்டிகளில் அடிக்கடி காணப்படும் ஒன்றின் பெயர் ஆஞ்சியோமயோலிப்போமா. இரத்தக் குழாய், தசை, கொழுப்பு ஆகிய மூன்றும் கலந்த கட்டி என்பதைத்தான் அந்த நீண்ட பெயர் சொல்கிறது. அதற்குள் இருக்கும் கொழுப்புதான் அதன் அடையாளம். சி.டி. எண்ணிக்கையில் தண்ணீர் பூச்சியம் என்றால் கொழுப்பு அதற்குக் கீழே போகும். கட்டிக்குள் −10-க்கும் கீழே ஒரு திட்டு தெரிந்தால் அது கொழுப்பு, அநேகமாக இந்தக் கட்டி. கொழுப்பு நிறைய இருந்தால் எந்தப் படத்திலும் தெரிந்துவிடும். என்னுடையதைப்போலக் குழாயும் தசையும் மிகுந்து, கொழுப்பு ஓர் ஓரத்தில் ஒட்டியிருந்தால், கான்ட்ராஸ்டின் ஒளியில் அது மறைந்துபோகும். படங்களைத் தடிமனான துண்டுகளாக எடுத்தால் இன்னும் மறையும். சாதாரண அல்ட்ராசவுண்டில் இந்தக் கட்டி வெண்மையாகத் தெரிவது உண்மைதான் என்றாலும், சில சிறிய புற்றுநோய்க் கட்டிகளும் அப்படியே வெண்மையாகத் தெரியும் என்பதால், அதை மட்டும் வைத்து முடிவுசெய்ய முடியாதாம். "எல்லாப் படமும் இருக்கிற சி.டி. தட்டை வாங்கிட்டு வாங்க, அதுல பிளெய்ன் இருக்கும்" என்று சொல்லி அனுப்பினார்.

தட்டுக்காக முதல் நாள் சென்டருக்குப் போனபோது, அதைப் பதிந்து தருகிற தம்பி லீவு. மறுநாள் வரச் சொன்னார்கள். மறுநாள் ஒரு மணி நேரம் காத்திருந்து, உறையில் என் பெயர் எழுதிய தட்டை வாங்கிக்கொண்டு, பள்ளிக்கு அரைநாள் விடுப்புப் போட்டு மதுரைக்குப் பேருந்து ஏறினேன். ரேடியாலஜி அறையில் அதைக் கணினியில் போட்டதும் திரையில் வந்தது யாரோ ஒரு ஆணின் முழங்கால். எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே அழுகையும் வந்தது. மறுபடி கோவில்பட்டி, மறுபடி வரிசை. "மாறிப் போயிருச்சுக்கா, கோவிச்சுக்காதீங்க" என்று கவுண்டரில் இருந்த பெண் புதுத் தட்டை நீட்டினாள். இந்த முறை நான் நகரவில்லை. அங்கேயே கணினியில் திறந்து, பெயர், வயது, தேதி ஆகிய மூன்றையும் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகுதான் வாங்கினேன். அப்போதுதான் தெரிந்தது, அதில் கான்ட்ராஸ்ட் போட்ட படங்கள் மட்டும்தான் இருக்கின்றன, பிளெய்ன் எடுக்கப்படவே இல்லை என்பது. ஆனால் பில்லில் ‘பிளெய்ன் மற்றும் கான்ட்ராஸ்ட்’ என்று இரண்டுக்கும் சேர்த்துத்தான் பணம் வாங்கியிருந்தார்கள். கேட்டதற்கு, "டாக்டர் கேட்டா மட்டுந்தான் எடுப்போம்" என்றாள். ஸ்கேனுக்குப் படுப்பதற்கு முன் ஊசிக்கு முன்னும் ஒருமுறை எடுப்பீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் எனக்கு நான்கு பயணங்களும், இன்னொரு முறை கதிர்வீச்சும் ஆயின.

மதுரையில் மறுபடி எடுத்த பிளெய்ன் ஸ்கேன் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. ஊசியும் இல்லை, பட்டினியும் இல்லை. அந்த அம்மா என்னையே திரைக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, கட்டியின் கீழோரத்தில் இருந்த கறுப்புத் திட்டின்மேல் ஒரு சிறிய வட்டத்தை இழுத்துவிட்டார். பக்கத்தில் −48 என்று எண் வந்தது. "கொழுப்பு. இது கேன்சர் இல்லம்மா" என்றார். அண்ணன் ஒன்றும் பேசாமல் வெளியே போய், இரண்டு டீயும் எனக்குப் பிடிக்காத ஒரு பன்னும் வாங்கிக்கொண்டு வந்தான். அந்தப் பன்னை முழுவதும் தின்றேன்.

கேன்சர் இல்லை என்றதும் ஊருக்குத் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இந்தக் கட்டியின் ஆபத்து வேறு விதமானது. இதற்குள் இருக்கும் இரத்தக் குழாய்கள் ஒழுங்காக உருவானவையல்ல. அவற்றின் சுவர் பலவீனமானது. ஆங்காங்கே பலூன்போலப் புடைக்கும். புடைப்பு வெடித்தால் சிறுநீரகத்தைச் சுற்றி இரத்தம் கொட்டும். விலாவில் திடீர் வலியும் மயக்கமும் வரும். இதை வுண்டர்லிக் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1856-இலேயே எழுதியிருக்கிறார், அவர் பெயராலேயே இன்றும் குறிப்பிடுகிறார்கள். கட்டி 4 செ.மீ. தாண்டினால் உடனே கை வைக்க வேண்டும் என்று முன்பெல்லாம் கணக்கு வைத்திருந்தார்களாம். இப்போது அளவை மட்டும் பார்ப்பதில்லை, பெரிய கட்டிகள் பலவும் கசியாமலே காலத்தைக் கழித்துவிடுகின்றன என்பதால், குழாயின் புடைப்பு 5 மி.மீ.-ஐத் தாண்டுகிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். எனக்கு 7 மி.மீ. இருந்தது.

அதோடு, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று மருத்துவர் கேட்டார். உதிரப்போக்குக்காக நான்கு மாதமாக ஹார்மோன் மாத்திரை போட்டுக்கொண்டிருந்ததைச் சொன்னேன். இந்தக் கட்டி பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது, ஹார்மோனுக்கு அசைந்துகொடுக்கக் கூடியது, கர்ப்ப காலத்தில் கசியும் ஆபத்து கூடும் என்பதால், ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரையை நிறுத்திவிட்டு வேறு வழி கேட்கும்படி மகளிர் மருத்துவருக்குக் கடிதம் கொடுத்தார். கட்டி இருப்பது தெரிந்தவர்கள் எந்த மருத்துவரிடம் போனாலும், கேட்காவிட்டாலும் அதைச் சொல்லிவிடுவது நல்லது. வீட்டில் யாருக்காவது வலிப்பு உண்டா, முகத்தில் சிறு சிறு பருக்கள்போல முடிச்சுகளோ, உடம்பில் இலை வடிவ வெள்ளைத் தேமலோ உண்டா என்றும் கேட்டுச் சோதித்தார். டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற மரபணு நோய் உள்ளவர்களுக்கு இரண்டு சிறுநீரகத்திலும் பல கட்டிகள் வருமாம். அவர்களுக்கு எவெரோலிமஸ் என்ற மாத்திரையே கட்டியைச் சுருக்குகிறது. எனக்கு அதெல்லாம் இல்லை, ஒற்றைக் கட்டிதான்.

காத்திருப்புக் கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற கண்டக்டர் ஐயாவுக்கு இருந்தது வேறு வகை, ஆங்கோசைட்டோமா. அதுவும் புற்றுநோயன்று, ஆனால் ஸ்கேனில் அதையும் ஒரு வகைப் புற்றுநோயையும் நிச்சயமாகப் பிரிக்க முடியாததால், ஊசியால் சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி செய்து பார்த்திருக்கிறார்கள். "உங்களுக்குக் கொழுப்பு இருந்ததால தப்பிச்சீங்கம்மா" என்று அவர் சொன்னபோது பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

எனக்கு எம்போலைசேஷன் செய்வதென்று முடிவாயிற்று: கட்டிக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயை உள்ளிருந்தே அடைத்துவிடுவது. செலவு ஒன்றரை லட்சத்துக்கு மேல். காப்பீடு இருக்கிறதே என்ற தைரியத்தில் இருந்தேன். கேஷ்லெஸுக்கு அனுப்பிய மனு மூன்றாம் நாள் திரும்பி வந்தது: பயாப்ஸி அறிக்கையும் புற்றுநோய் நிலையும் வேண்டுமாம். பயாப்ஸியே எடுக்காதபோது எங்கிருந்து கொடுப்பது? காப்பீட்டு மேசையில் இருந்தவர், "அவங்க கேட்டா நாங்க என்ன மேடம் செய்றது" என்று அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். அனுப்பிய படிவத்தின் நகலைக் காட்டுங்கள் என்று நான் விடாப்பிடியாக நின்றேன். அரைமணி நேரம் கழித்து, சலிப்போடு கொடுத்தார். நோய்க் குறியீடு என்ற கட்டத்தில் ‘சி64’ என்று இருந்தது. கைப்பேசியில் தேடினேன், அது சிறுநீரகப் புற்றுநோய்க்கான குறியீடு. புற்றுநோயல்லாத கட்டிகளெல்லாம் டி10 முதல் டி36 வரையில்தான் வரும். என் ஃபைலில் மேலே இருந்த பழைய சி.டி. அறிக்கையைப் பார்த்து யாரோ நிரப்பியிருக்கிறார்கள்.

மேசைக்காரர் திருத்த முடியாது என்றார். நான் மருத்துவரின் அறை வாசலில் நின்று, அவர் வெளியே வந்த நேரத்தில் விஷயத்தைச் சொல்லி, நோய் இன்னது, கொழுப்பு தெரிவதால் பயாப்ஸி தேவையில்லை, புடைப்பு 7 மி.மீ. இருப்பதால் சிகிச்சையைத் தள்ளிப்போட முடியாது என்று மூன்று வரியில் கடிதம் வாங்கினேன். புதிய அறிக்கையை மட்டும் இணைத்து, குறியீட்டை மாற்றி மறுபடி அனுப்பியதும் மறுநாள் மதியமே அனுமதி வந்துவிட்டது. முப்பத்திரண்டு பிள்ளைகளின் கையெழுத்தைத் திருத்திப் பழகிய எனக்கு, வாழ்நாளில் அதைவிட மகிழ்ச்சியோடு திருத்திய பிழை வேறில்லை. தனக்காக அனுப்பப்படும் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பழைய தவறான அறிக்கையைத் தூக்கிப்போட வேண்டாம். ஆனால் ஃபைலில் அதை மேலே வைக்காதீர்கள்.

சிகிச்சை இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்தது. தொடை இடுக்கில் மட்டும் மரத்துப்போக ஊசி. அடைப்பதற்கான மெல்லிய குழாய் அதன் வழியே உள்ளே போனது தெரியவில்லை. மருந்து செலுத்தும்போது இடுப்பெல்லாம் வெந்நீர் ஓடியதுபோல இருந்தது. பிறகு ஆறு மணி நேரம் காலை மடக்காமல் கிடக்க வேண்டும், அதுதான் கொடுமை.

சிக்கல் அன்று இரவில் வந்தது. 101 டிகிரி காய்ச்சல், விலாவில் வலி, குமட்டல். இரத்தம் போகாமல் கட்டி உள்ளுக்குள் சாகும்போது இப்படி வரும், சில நாளில் அடங்கிவிடும் என்று அடைத்த மருத்துவர் காலையிலேயே சொல்லியிருந்தார். இரவுப் பணியில் இருந்த இளம் மருத்துவருக்கு அது தெரியவில்லை. சீழ் பிடித்துவிட்டது என்று வலுவான ஆன்டிபயாட்டிக் ஏற்ற ஏற்பாடு செய்தார். சிறுநீரகத்துக்கு ஆகாத மருந்தாக இருந்துவிடுமோ என்ற பயத்தில், முதலில் பெரிய டாக்டருக்கு ஒரு போன் போடுங்கள் தம்பி என்று கெஞ்சினேன். போட்டார். வலிக்கும் காய்ச்சலுக்கும் பாரசிட்டமால், குளுகோஸ், காலையில் இரத்தப் பரிசோதனை, அவ்வளவுதான் என்று பதில் வந்தது. மனிதனின் இயல்பான வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸ் என்று ஆயிரக்கணக்கானவர்களை அளந்து சொன்னவரும் அதே வுண்டர்லிக்தான் என்று பின்னால் எங்கோ படித்தபோது, அந்த இரவில் என் அக்குளில் இருந்த தெர்மாமீட்டர் நினைவுக்கு வந்தது. காய்ச்சல் நான்காம் நாள் விட்டது. சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் அளவும் ஏறவில்லை.

ஆறு மாதம் கழித்து எடுத்த எம்.ஆர்.ஐ.யில் கட்டி 3.7 செ.மீ. ஆகச் சுருங்கியிருந்தது. குழாய்ப் பகுதி வற்றிவிட்டது, கொழுப்பு மட்டும் அப்படியே இருக்கும், அது முழுதாகக் கரையும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்றார்கள். அடைத்த குழாய் சிலருக்குத் திரும்பத் திறந்துகொள்ளுமாம். அதனால் ஆண்டுக்கு ஒருமுறை, கதிர்வீச்சு இல்லாத எம்.ஆர்.ஐ.யாகவே பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். அன்று அறிக்கை வாங்கப் போனபோது, தட்டு வேண்டுமென்றால் தனியாக இருநூறு ரூபாய் என்றார் கவுண்டரில் இருந்தவர். பணத்தைக் கொடுத்துவிட்டு, அங்கேயே கணினியில் போட்டுக் காட்டச் சொன்னேன். என் பெயர், என் வயது, என் சிறுநீரகம். முழங்கால் இல்லை.