மரம்தானேம்மா தெரியுது

"அடியிலயும் மரம் போட்டிருக்காங்களா அண்ணா?"

"மரம்தானேம்மா தெரியுது."

நடந்தது இவ்வளவுதான். புதுக் கட்டடத்தில் சாமான்கள் வந்து இறங்கிய மூன்றாம் நாள். ஸ்டுடியோ இரண்டின் வாசலில் சாவிக்கொத்தோடு நின்றிருந்தேன். எங்களிடம் குழந்தைகளுக்குப் பரதம் சொல்லிக்கொடுக்கிறவள் அவள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனாள், ஜன்னல் வரை நடந்தாள், திரும்பி வந்து கேட்டாள். என் கையில் நட்டுவாங்கத் தாளம் இருந்த பெட்டி, சலங்கைப் பைகள் எத்தனை என்று எழுதிய நோட்டு. லாரிக்காரர் பாக்கிக்காகக் கீழே காத்திருந்தார். ஏதோ அவசரத்தில் சொன்ன பதில் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்தாகிவிட்டது. அவசரத்தில் சொல்லவில்லை. ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் சொன்னேன்.

பொய் சொன்னேனா? தெரிந்தது மரம்தான். கொஞ்சம் நேர்மையாகச் சொன்னால் மரத்தின் படம். லேமினேட் என்பது மரத்தூளை அழுத்திச் செய்த பலகையின் மேல் மரம் போல அச்சடித்த தாளை ஒட்டியது. அதன் அடியில் பாய் கனம்கூட இல்லாத ஒரு ஃபோம் விரிப்பு. அதற்கும் அடியில் கான்கிரீட்.

இந்த நடனக் குழுவுக்குக் கணக்கு பார்க்க வந்து 11 வருஷம் ஆகிறது. தரையைப் பற்றி எனக்கு அதுவரை எதுவும் தெரியாது, கூட்டினால் சுத்தமாக இருக்கும் என்பதைத் தவிர. கட்டட வேலை ஆரம்பித்த பிறகுதான் கற்றுக்கொண்டேன். ஸ்ப்ரங் ஃப்ளோர் என்றால் உள்ளே ஸ்பிரிங் எல்லாம் கிடையாது. கான்கிரீட் மேல் ரப்பர் கட்டைகள், அவற்றின் மேல் குறுக்கும் நெடுக்குமாக ரீப்பர் சட்டங்கள், அதன் மேல் ப்ளைவுட், கடைசியில் பலகையோ வினைலோ. கால் இறங்கும்போது தரை மயிரிழை கீழே போய் மேலே வரும். எலும்பு வாங்க வேண்டிய அடியில் ஒரு பங்கைத் தரை வாங்கிக்கொள்ளும். இதற்கு எங்களுக்குச் சொன்ன கணக்கு நாலு அங்குல ஆழம். ஆகவே ஸ்லாப் போடும்போதே அந்த அறையை நாலு அங்குலம் தாழ்த்திப் போட்டுவிட வேண்டும். ஸ்டுடியோ ஒன்றில் தாழ்த்தினார்கள். இரண்டில் தாழ்த்தவில்லை.

அந்த முடிவு யாருடையது என்று கேட்டால் என்னால் நேராகப் பதில் சொல்ல முடியாது. செலவு ஏறிக்கொண்டே போனபோது கான்ட்ராக்டர் ஒரு பட்டியல் கொண்டுவந்தார். வேல்யூ எஞ்சினியரிங் என்றார். விலையைக் குறைப்பதற்கு இவ்வளவு அழகான பெயர் இருப்பது அன்றுதான் தெரியும். ஜெனரேட்டரை எடுக்க முடியாது, சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தை எடுக்கக் கூடாது, லிஃப்ட் வேண்டும். மிஞ்சியது தரை. எங்கள் இயக்குநரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அக்கா சொன்னார்: "குதிச்சு விழுந்து புரள்றவங்களுக்குத்தான் அது வேணும். கம்பெனி டான்ஸர்ஸ் ஒண்ணுல இருக்கட்டும். ரெண்டுல குழந்தைங்க பரதம்தானே? கோயில்ல கல்லுத் தரையிலயே ஆடின கலை."

எனக்குச் சரி என்றுதான் பட்டது. பட்டியலில் அந்த வரியை அடித்த பேனா என்னுடையது. கணக்கர் அடிக்காமல் யார் அடிப்பார்?

பழைய இடத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதில்தான் எனக்கு அதிக வயிற்றெரிச்சல். பெங்களூரு மல்லேஸ்வரத்தில் ஒரு பழைய வீட்டின் மாடி. சிவப்பு ஆக்சைடு தரை, நடுவில் விரிசல், மழைக்கு ஒரு மூலையில் ஒழுக்கு. கீழே வீட்டுக்கார மாமி. "சாயங்காலம் அஞ்சு மணி ஆனா என் அலமாரியில டம்ளரெல்லாம் ஜதி சொல்ல ஆரம்பிச்சிடறது" என்பார். அதை நாங்கள் புகாராகவே எடுத்துக்கொண்டோம், வாடகையை ஏற்றுவதற்கு அடிபோடுகிறார் என்று. காலி செய்யும் நேரத்தில் மாமி வீட்டுச் சுவரைப் பார்க்க வந்த எஞ்சினியர் மேலே, எங்கள் தரையின் அடிப்பக்கத்தைக் காட்டி, மெட்ராஸ் டெரஸ் என்றார். தேக்குச் சட்டங்களை வரிசையாக வைத்து, அதன் மேல் செங்கலைச் சாய்வாக நிறுத்தி அடுக்கி, சுண்ணாம்புக் காரை போட்டுக் கட்டுவது. நாங்கள் ஆடிக்கொண்டிருந்தது அத்தனை வருஷமும் மரச் சட்டங்களின் மேல்தான். டம்ளர்கள் ஆடின என்றால் தரை அசைந்து கொடுத்தது என்றுதானே அர்த்தம்? இது என் ஊகம். எஞ்சினியர் அப்படிச் சொல்லவில்லை. ஆனாலும் அசைந்த தரையை விட்டுவிட்டு மரம் போலத் தெரிகிற தரைக்கு வந்தோமோ என்ற நினைப்பு போக மாட்டேன் என்கிறது.

ஏன் வந்தோம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இந்த ஊரில் நடனம் நடத்துகிற யாரைக் கேட்டாலும் ஒரு நிமிஷத்தில் ஹெசரகட்டாவில் வந்து நிற்பார்கள். 1990இல் ஒடிசி நடனக் கலைஞர் புரோதிமா பேடி நகருக்கு வெளியே அங்கேதான் நிருத்யகிராமம் தொடங்கினார், தங்கி ஆடுவதற்கென்றே ஓர் ஊர் மாதிரி. நமக்கும் நமக்கென்று கட்டிய ஓர் இடம் வேண்டும் என்பது அக்காவின் இருபது வருஷக் கனவு. 2021 ஜனவரியில் பச்சை லைன் மெட்ரோ சில்க் இன்ஸ்டிடியூட் வரை நீண்ட பிறகுதான் கனகபுரா ரோடு பக்கம் துணிந்தோம். ஸ்ரீராமபுரத்திலிருந்து மல்லேஸ்வரத்துக்கு நடந்தே வந்துகொண்டிருந்த அவள், புதுக் கட்டடத்துக்கு ரயிலேறி கடைசி ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோவில் வர வேண்டியிருந்தது. அதற்கு ஒரு வார்த்தை முணுமுணுத்ததில்லை. இடம் பெரிதானதால் பேட்ச் கூடியது. வாரத்துக்கு 9 வகுப்பு எடுத்தவள் 16 எடுத்தாள். வகுப்புக்கு இவ்வளவு என்றுதான் சம்பளம், ஆகவே அவளுக்கும் அது சந்தோஷம்தான். அப்படித்தான் சொன்னாள்.

திறப்பு விழா விஜயதசமி அன்று. ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவரை அழைத்திருந்தோம். அவர் சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய அரங்கின் அளவைச் சொன்னார். ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம், ஒரு கோல் உயரம். ஒரு கோலுக்கு 24 விரல். அதற்கு வெட்டுகிற மூங்கில் கணுவுக்குக் கணு ஒரு சாண் வளர்ந்திருக்க வேண்டும். மேலே உத்தரப் பலகைக்கும் கீழே அரங்கின் பலகைக்கும் நடுவில் நாலு கோல் இடைவெளி. கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன், ஆனால் 'அரங்கின் பலகை' என்ற இடத்தில் என் கை ஒரு தாளம் தப்பியது. பலகையாம், கல் என்று சொல்லவில்லை. அவள் கடைசி வரிசையில் குழந்தைகளோடு மல்லிகைப் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தாள் என்றுதான் நினைவில் இருக்கிறது. நினைவை எவ்வளவு நம்புவது? பிற்பாடு நடந்ததெல்லாம் தெரிந்தவனுடைய நினைவு இது.

ஐந்தாம் மாதம் அவளுக்குக் கால் வலித்தது. முழங்காலுக்குக் கீழே, முன் எலும்பில், ரூபாய் நாணயம் அளவு ஓர் இடத்தில். தைலம் தேய்த்தாள், க்ரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு வந்தாள். முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. எலும்பில் விழுகிற இந்த மாதிரி மெல்லிய விரிசல் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜமாம். எம்.ஆர்.ஐ.யில்தான் தெரிந்தது. போன் செய்தாள்.

"அண்ணா, ரெண்டு மாசம் ஆடக் கூடாதாம்."

"அப்ப சனிக்கிழமை பேட்ச் யார் பாக்கிறது?"

முதலில் என் வாயில் வந்தது அதுதான். எப்படி இருக்கிறது, வலி அதிகமா, இதெல்லாம் அப்புறம்தான் கேட்டேன். கேட்டேன் என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

டாக்டர் அவளிடம் கேட்ட கேள்விகளை அவளே சொன்னாள். சமீபத்தில் திடீரென்று உழைப்பு கூடியதா? கூடியது. வைட்டமின் டி? குறைவு. எந்த மாதிரித் தரை? "மரத்தரைன்னு சொன்னேன் அண்ணா."

இந்த வாக்கியத்தை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. வெகுளியாகச் சொன்னாளா, குத்திக் காட்டினாளா? குரலில் ஒன்றுமே இல்லை. காரணம் தரைதான் என்று யாரும் சொல்லவில்லை. 9 வகுப்பு 16 ஆனதும் ஒரு காரணம்தான். அந்த அட்டவணையைப் போட்டதும் நான்தான் என்பது வேறு விஷயம்.

அந்த இரண்டு மாதத்துக்கு அவளுக்குப் பாதிச் சம்பளம் போக ஏற்பாடு செய்தேன். விதிப்படி வகுப்பு இல்லையென்றால் பணம் இல்லை. அக்காவிடம் பேசிச் சம்மதிக்க வைத்தது நான். 'கட்டடப் பராமரிப்பு' என்ற தலைப்பில் எழுதினேன். மற்ற தலைப்புகளில் மிச்சம் இல்லை, அதனால்தான். வேறு அர்த்தம் எதுவும் கிடையாது. "ரொம்ப தேங்க்ஸ் அண்ணா" என்று மெசேஜ் அனுப்பினாள். அதை இன்னும் அழிக்கவில்லை.

அவள் இல்லாத நாட்களில் வேறொரு பெண் வகுப்பெடுத்தாள். வராந்தாவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். தட்டடவு, 'தெய்யா தெய்'. எட்டு அட்சரத்துக்கு முதல் காலத்தில், அதாவது முதல் வேகத்தில், 8 தட்டு, இரண்டாம் காலத்தில் 16, மூன்றாம் காலத்தில் 32. ஆக ஒரு சுற்றுக்கு 56. கணக்குப் பிள்ளை புத்தி, விரல் விட்டு எண்ணிக்கொண்டே நின்றேன். பத்துச் சுற்று போட்டால் 560. அதுவும் அரைமண்டியில் உட்கார்ந்து, பாதம் முழுக்கப் பதிகிற மாதிரி. இது பாடத்தின் முதல் அடவு மட்டும். குதிக்கிறவர்களுக்குத்தான் நல்ல தரை வேண்டும் என்று அக்கா சொன்னபோது இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியிருக்கலாம். கூட்டல் தெரிந்தவன் அந்த அறையில் நான் ஒருவன்தான். கோயில் கல்லில் ஆடியவர்கள் வாரத்துக்கு 16 பேட்ச் எடுத்திருக்க மாட்டார்கள் என்றும் சொல்லியிருக்கலாம்.

ஆனால் பாருங்கள், ஸ்டுடியோ ஒன்றின் தரையை எங்கள் மிருதங்கக்காரருக்குப் பிடிக்கவே இல்லை. "அந்தத் தரை என்னைவிடச் சத்தமா வாசிக்குது சார்" என்கிறார். உள்ளே வெற்றிடம் இருப்பதால் தட்டு 'தொம்' என்று விழுகிறது, ஜதியை முடித்து வைக்கிற தீர்மானம் குழம்புகிறது. இரண்டில் கணீரென்று இருக்கிறதாம். பெரிய பெண்கள் சிலர் ஒத்திகைக்கு ஸ்டுடியோ இரண்டைக் கேட்டு வாங்குகிறார்கள். இதை முதலில் கேட்டபோது எனக்கு வந்த நிம்மதியை இங்கே மறைக்க வேண்டியதில்லை. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் வேறொன்று தோன்றியது. அவள் என்னிடம் ஏன் கேட்டாள்? வெறுங்காலோடு ஜன்னல் வரை நடந்து திரும்பியவள். ஏழு வயதிலிருந்து ஆடுகிறவள். குதிகாலை ஒருமுறை ஊன்றினால் அடியில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா? எனக்கே இப்போது தெரிகிறது. சாயங்காலம் பூட்டும்போது இரண்டு அறையிலும் ஷூவைக் கழற்றிவிட்டு ஒரு தட்டு தட்டிப் பார்ப்பேன். ஒன்றில் சத்தம் கீழே இறங்குகிறது, இரண்டில் கணுக்காலுக்கு ஏறி வருகிறது. எனக்கே தெரிந்தால் அவளுக்கு வாசலிலேயே தெரிந்திருக்கும். அப்படியானால் அந்தக் கேள்வி எதற்கு? நான் வாய்விட்டுச் சொல்லட்டும், சொன்னால் மேற்கொண்டு ஏதாவது கேட்கலாம், பேட்ச் இத்தனை போதும் என்று சொல்லலாம் என்று நினைத்தாளோ. அப்படி இருந்தால் என் பதில் அந்தப் பேச்சுக்கே கதவைச் சாத்திவிட்டது. அல்லது சும்மா, புது வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் "மார்பிளா, கிரானைட்டா" என்று கேட்பார்களே, அந்த மாதிரி. இரண்டாவதாகவே இருக்கட்டும் என்று ஆசைப்படுகிறேன். முதலாவதுதான் என்று படுகிறது.

'கான்கிரீட்தான்ம்மா, பார்த்து ஆடு' என்று சொல்லியிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்? கதவுகள் பொருத்தியாகிவிட்டன, நாலு அங்குலம் ஏற்றினால் ஒரு கதவும் திறக்காது. விஜயதசமிக்குப் பன்னிரண்டு நாள். அவளும் வேலையை விட்டிருக்க மாட்டாள். ஒன்றும் மாறியிருக்காது. இதை நான் நம்புகிறேன். நம்பினாலும் அந்த ஒரு நொடி குறையவில்லை.

இப்போது திரும்பி வந்துவிட்டாள். மனைக்கட்டையையும் தட்டுக்கழியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே பாதி வகுப்பு நடத்துகிறாள். எழுந்து காட்ட வேண்டி வந்தால், வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு நீலப் பாயை விரித்து அதன் மேல் நின்று காட்டுகிறாள். யோகாவுக்கு வாங்கியதாக இருக்க வேண்டும், ஓரம் கிழிந்திருக்கிறது. வகுப்பு முடிந்ததும் சுருட்டி நடராஜர் சிலைக்குப் பின்னால் நிறுத்திவிட்டுப் போவாள். அவளுக்கு எதிரே இருபத்திரண்டு குழந்தைகள் வெறும் லேமினேட்டில். நாங்கள் இருவரும் தரையைப் பற்றிப் பேசுவதில்லை. ஏ.சி. பற்றி, ஆண்டு விழாவுக்குச் சௌடையா ஹால் கிடைக்குமா என்பது பற்றிப் பேசுகிறோம்.

அடுத்த வருஷ பட்ஜெட்டில் 'ஸ்டுடியோ 2, தரை' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். எதிரே தொகை இன்னும் எழுதவில்லை.

போன வாரம் பூட்டும் நேரத்தில் பெண்ணைச் சேர்ப்பதற்காக ஒருவர் வந்தார். வாசலில் நின்று எட்டிப் பார்த்து, "நல்லா இருக்கே, வுடன் ஃப்ளோரிங்கா?" என்றார்.

"லேமினேட் சார்" என்றேன்.

"ஓ, சரி சரி" என்று தலையாட்டிவிட்டு, கார் நிறுத்த இடம் இருக்கிறதா என்று கேட்டார்.